பி.டி. சார் ஒட்டிய கடைசிப் பக்கம்

நம் பி.டி. சார் தவறிப்போன செய்தி பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது எனக்கு இங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் இரவு பதினொன்று. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் முகமல்ல. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே இருந்த பலகையும் மைதா பசை வாசமும்தான்.

கோபியில் படித்த நம் வயசுக்காரர்களுக்கு அந்தப் பலகையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத் தாளின் விளையாட்டுப் பக்கம் இடப்பக்கம், தமிழ்த் தாளின் பக்கம் வலப்பக்கம், நடுவில் நம் பள்ளி ஆட்டங்களுக்கென்று ஒரு சின்னக் கரும்பலகை. 'தி இந்து' 1969லிருந்தே கோவையில் அச்சாகி வந்தது. சென்னையில் தயாரான பக்கத்தை அப்படியே படமாக அனுப்பி இங்கே அச்சடிப்பார்கள். முதல் பஸ்ஸில் வரும் பேப்பர் கட்டைச் சாரே சைக்கிளில் போய் வாங்கி வருவார்.

1983 ஜூன் 18ஆம் தேதி இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட்டில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட் இழந்தது. கவாஸ்கர் பூஜ்யம், ஸ்ரீகாந்த் பூஜ்யம். அப்புறம் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175. கிர்மானி ஆட்டமிழக்காமல் 24. இருவரும் ஒன்பதாவது விக்கெட்டுக்குச் சேர்த்தது 126. அந்த ஆட்டத்துக்கு வீடியோ கிடையாது. உலகம் அதை அறிந்தது எழுத்திலும் எண்ணிலும்தான். திங்கட்கிழமை சார் அந்த ஸ்கோர் கார்டை ஒட்டி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கச் சொன்னார். "பதினேழுக்கு அஞ்சு, எழுபத்தெட்டுக்கு ஏழு, நூத்தி நாப்பதுக்கு எட்டு. இப்பத் தெரியுதா கண்ணு, கிர்மானி என்ன பண்ணுனாருன்னு?" தெரிந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்காத அந்த ஆட்டம் எனக்குத் தெரிகிறது.

நடுப்பலகையில் எழுதுகிற வேலையை ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கொடுத்தார். அந்த வருஷம் மண்டல வாலிபால் இறுதி ஆட்டத்தில் நாம் தோற்றோம். அன்றைக்கு நான் அம்மாவோடு ஊர் நோம்பிக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் வந்த ஒரு பையன், "ரெண்டு செட்டும் நேரா போச்சு" என்றான். காலையில் 8-15, 10-15 என்று நானே எண்களைப் போட்டு எழுதிவிட்டேன்.

பிரேயர் முடிந்து யாரும் கலையவில்லை. சார் என்னை முன்னால் கூப்பிட்டார்.

"நீ அங்க இருந்தயா கண்ணு?"

"இல்லீங்க சார்."

"ஸ்கோர் ஷீட் பாத்தயா?"

"இல்லீங்க சார்."

"அப்பறம் எப்புடி எழுதுன?"

அணியில் ஆடிய ஆறு பேரும் எதிரே நின்றிருந்தார்கள். ஒருத்தன் முழங்காலில் கட்டு. மூன்றாவது செட்டைக் கடைசிப் புள்ளி வரை இழுத்துத் தோற்றவர்கள். சார் அடிக்கவில்லை, திட்டவில்லை. துணியை என் கையில் கொடுத்து எல்லோர் முன்னாலும் அழிக்க வைத்தார். அடித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். அப்புறம் தன் சைக்கிளையே கொடுத்து, ஜெயித்த பள்ளிக்குப் போய் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து எழுதி வரச் சொன்னார். வாய்க்கால் மேட்டில் எதிர்காற்றில் மிதித்துப் போய் வந்தேன். மறுநாள் அந்த ஆறு பேரும் பலகை முன்னால் நின்று வாசித்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

விளையாட்டுப் பக்கம் என்றால் என்ன என்று நான் கற்றது அன்றைக்குத்தான். ஒருத்தர் அங்கே போயிருக்க வேண்டும். தோற்றவனின் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

இங்கே வந்த பிறகும் தினம் காலையில் தாளைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பேன். பேஸ்பால் எனக்குப் புரிந்ததே அந்தக் குட்டி எழுத்து ஸ்கோர் கட்டங்களால்தான். 2023 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அச்சுத் தாளிலிருந்து அந்தக் கட்டங்களையும் முந்தின இரவு ஆட்டச் செய்திகளையும் எடுத்துவிட்டது. அச்சிடும் ஏற்பாடு மாறி, பக்கங்களை முன்கூட்டியே முடிக்க வேண்டி வந்ததுதான் காரணம். இரவு ஆட்டம் தொடங்கும் முன்பே மறுநாள் தாள் முடிந்துவிட்டால் என்னத்தைப் போடுவார்கள்? அதே மாதம் நியூயார்க் டைம்ஸ் தன் விளையாட்டுப் பிரிவையே மூடப்போவதாக அறிவித்தது. முந்தின வருஷம் 55 கோடி டாலருக்கு வாங்கிய 'தி அத்லெடிக்' என்ற விளையாட்டுச் செய்தி இணையதளம் அந்த வேலையைப் பார்க்குமாம். பெரிய ஆட்டங்களுக்கு எழுத ஆள் எப்போதும் இருப்பார்கள். வரி விளம்பரம் இணையத்துக்குப் போய், வருமானம் வற்றும்போது முதலில் விழுவது பள்ளி ஆட்டமும் உள்ளூர்ப் போட்டியும்தான். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடியபோது உலகமே எழுதியது. நம் பக்கத்து மைதானங்களில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருக்கும் மற்ற பையன்களை யார் எழுதுகிறார்கள்?

ப்ளஸ் டூ முடித்ததும் சார் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ஊரில் தினசரிக்குச் செய்தி அனுப்புகிறவர் பகுதி நேரமாக ஒரு பையனைத் தேடுகிறார் என்றார். "ஆட்டத்துக்குப் போய் எழுது கண்ணு, உனக்கு வரும்." இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது. "காலேஜ் முடிச்சிட்டு வர்றேனுங்க சார்" என்றேன். அவர் தலையாட்டினார்.

கடைசியாகப் பார்த்தபோது வாசல் திண்ணையில் தாளை விரித்து வைத்திருந்தார். "அங்கெல்லாம் பேப்பர் நல்லா வருதா?" என்று கேட்டார். "நல்லா வருதுங்க சார்" என்றேன். அப்போது அது உண்மை. 2023க்குப் பிறகு அவரை அழைத்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் மறைவைப் பற்றித் தாளில் வந்தது, குடும்பத்தார் காசு கொடுத்துப் போட்ட கண்ணீர் அஞ்சலி மட்டும். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்று ஒரு வரி. எத்தனை ஆட்டத்துக்கு விசில் ஊதினார், எத்தனை பேரை மாநில அளவுக்கு அனுப்பினார், ஒன்றும் இல்லை. அதை எழுத ஊரில் ஒருத்தன் இருந்திருக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த ஆள் நான்.

அன்று சைக்கிளில் போய் எழுதி வந்த காகிதம் என் சான்றிதழ் கவரில் இன்னும் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, எண்கள் தெரிகின்றன. அந்த ஆறு பேரில் யாராவது இந்த மலரைப் படித்தால், அவர்களுக்காக:

மண்டல வாலிபால், இறுதி ஆட்டம். நம் பள்ளி 12-15, 15-11, 15-17. ஸ்கோர் ஷீட் பார்த்து எழுதியது.