பாலி நாட்குறிப்பு, நவம்பர் 2024

நவம்பர் 5, செவ்வாய்

பாலில பாப்பா கல்யாணம், நாங்க எல்லாரும் கிளம்பப்போற நேரத்துல இந்தோனேசியாவோட ஃப்ளோரஸ் தீவுல லெவோடோபி லக்கி-லக்கி எரிமலை வெடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நடுராத்திரி, ஜனங்க தூங்கிட்டிருக்கும்போது கூரை மேல எரியற கல்லு விழுந்திருக்கு. உயிர் போயிருக்கு. எங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல பெரியவன் மேப் போட்டு "பாலிக்கும் அதுக்கும் 800 கிலோமீட்டர்டா, யாரும் பயப்படாதீங்க"ன்னு எழுதியிருந்தான். அந்த மேப்பை ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

பாப்பாவோட அம்மாவுக்கு பாலில டயாலிசிஸ் பண்ண, டென்பசார் சென்டர்லேர்ந்து மெயில் வந்துடுச்சு. 13 புதன் சாயங்காலம், 15 வெள்ளி காலைல, ரெண்டு ஸ்லாட்டும் கன்ஃபர்ம். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி ரிப்போர்ட் எல்லாம் புதுசா வேணும்னாங்க, கடைசியா பண்ணின டயாலிசிஸ் ஷீட்டுங்க, டிரை வெயிட் (மிச்சத் தண்ணி எடுத்தப்புறம் இருக்கவேண்டிய எடை), ரத்தம் உறையாம இருக்கப் போடற ஹெப்பாரின் டோஸ், எந்தக் கைல ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்குன்னு ஆபரேஷன் பண்ணி இணைச்ச ரத்தக்குழாய்), எல்லாம் அனுப்பியாச்சு. இடது கை. கல்யாணத்துக்கு 16ன்னு தேதி வெச்சதே இதுக்குத்தான், டயாலிசிஸ் அன்னைக்கு அம்மா துவண்டு போய்டுவாங்க, மறுநாள்தான் முகம் தெளியும்.

நவம்பர் 10, ஞாயிறு

வந்து சேர்ந்தாச்சு. விசா ஆன் அரைவல் வரிசை நீளம், ஆனா வேகமா நகந்துச்சு. பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுதான்னு பாத்தாங்க, ரிட்டர்ன் டிக்கெட் கேட்டாங்க, அவ்வளவுதான். இந்த வருஷம் பிப்ரவரிலேர்ந்து டூரிஸ்ட் வரி தனியா 1,50,000 ரூபியா, அதை நாங்க முன்னாடியே ஆன்லைன்ல கட்டிட்டோம். அம்மாவுக்கும் அவங்கள கூட்டிட்டு வரப்போற வாத்திக்கும் சேத்து கட்டிருக்கேன், க்யூஆர் கோடை வாத்திக்கு அனுப்பிட்டேன், அவன் பிரிண்டும் எடுத்து வெச்சுக்கணும்.

பாப்பா ஏர்போர்ட்டுக்கே வந்துட்டா. மாப்ளைய விட எங்களைத்தான் முதல்ல கட்டிப்புடிச்சா. ரொம்ப சந்தோஷமா இருக்கு, இத்தனை வருஷம் கழிச்சு எல்லாரும் ஒரே வீட்டுல.

நவம்பர் 11, திங்கள்

ஊர்ல அம்மாவுக்கு இன்னைக்கு டயாலிசிஸ் முடிஞ்சது, மூணு கிலோ தண்ணி எடுத்தாங்களாம். நாளைக்கு ராத்திரி ஃப்ளைட், கோலாலம்பூர் வழியா.

சாயங்காலம் உலுவாட்டு கோயிலுக்குப் போனோம். பாறை உச்சில கோயில், கீழ கடல் அடிச்சு நுரைக்குது, நின்ன இடத்துல பேச்சே வரல. ஒரு குரங்கு எங்க குரூப் டாக்டரோட கண்ணாடிய உருவிட்டு சுவத்து மேல போய் உக்காந்துச்சு, ஒரு பெரியவர் பழம் குடுத்து திருப்பி வாங்கித் தந்தார். கல்யாணம் நடக்கப்போற இடமும் இதே மாதிரி பாறை மேலதான். மேலேர்ந்து மேடைக்கு இறங்க படிக்கட்டு இருக்கு, பக்கத்துல சரிவு கிடையாது. வீல்சேர்ல தூக்கறதுன்னா நாலு பேர் வேணும், இடது பக்கம் பிடிக்கறவன் கைய பிடிக்கவே கூடாது. வெடிங் பிளானர் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். வரவேற்புக்கு எல்லாருக்கும் இளநீர்னு லிஸ்ட்ல இருந்துச்சு, அம்மாவுக்கு மட்டும் வேண்டாம், அதுல பொட்டாசியம், டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு ஆகாதுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டா.

நவம்பர் 12, செவ்வாய்

சாம்பல் இந்தப் பக்கம் வருது. சாயங்காலத்துலேர்ந்து ஒவ்வொரு ஏர்லைன்ஸா கேன்சல் பண்றாங்க. அம்மாவும் வாத்தியும் அங்க செக்கின் முடிச்சுட்டாங்க, கோலாலம்பூர் வரைக்கும் ஃப்ளைட் போகுதுன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம்?

நவம்பர் 13, புதன்

தூக்கமில்ல. அவங்க கோலாலம்பூர்ல இறங்கிட்டாங்க, அங்கேர்ந்து பாலி ஃப்ளைட் கேன்சல். போர்டு ஃபுல்லா சிவப்பா இருக்கிற போட்டோவ வாத்தி அனுப்பினான்.

இங்க வானத்தப் பாத்தா ஒண்ணுமே தெரியல, பளிச்சுன்னு வெயில். ஏர்போர்ட்ட மூடவும் இல்ல. ஏர்போர்ட்ல வெள்ளைப் பேப்பர வெளியில வெச்சு சாம்பல் விழுதான்னு பாக்கறாங்க, ஒண்ணும் விழலியாம். ஆனா ஃப்ளைட் மேல பறக்கணும்ல. பெரியவனுக்குக் கோவம், "கண்ணுக்கே தெரியாத தூசிக்கு இவ்வளவு பயமா"ங்கறான். பயப்படணும்டா. அது அடுப்புச் சாம்பல் இல்ல, பொடியான பாறையும் கண்ணாடியும். இஞ்சின் உள்ள இருக்கிற சூட்டுல உருகி பிளேடுல ஒட்டிக்கும், காத்துப் போற வழியே அடைஞ்சுடும். 1982ல ஜாவாவுல கலுங்குங் மலைச் சாம்பல்ல மாட்டின பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போவுக்கு நாலு இஞ்சினும் நின்னு போச்சு, அப்படியே சறுக்கிட்டே இறங்கி, சாம்பல விட்டு வெளிய வந்தப்புறம் இஞ்சின் திரும்பப் பிடிச்சு, ஜகார்த்தாவுல இறங்கினாங்க. கேன்சல் பண்ணினவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஆஸ்திரேலியால டார்வின்ல ஒரு மையம் இருக்கு, சாம்பல் எந்த உயரத்துல எந்தப் பக்கம் போகுதுன்னு அவங்கதான் படம் போடறாங்க. காலைலேர்ந்து அதைத்தான் திறந்து திறந்து பாக்கறேன்.

இன்னைக்கு சாயங்காலம் அம்மாவுக்கு இங்க டயாலிசிஸ். நடக்காது. திங்கள் பண்ணினது. வழக்கமா வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவுல மூணு நாள் தாங்கறாங்கல்ல, அதனால நாளைக்குள்ள பண்ணிட்டா போதும்னு டாக்டர் கணக்கு சொல்றான். ஆனா அந்த மூணு நாள் வீட்டுல, அளந்து தண்ணி குடிச்சிட்டு. இது ஏர்போர்ட், ராத்திரி பூரா உக்காந்தே வந்திருக்காங்க. கால் வீங்கிடுச்சா பாருடான்னேன், சாக்ஸ் அச்சு பதிஞ்சிருக்குன்னான்.

பாப்பா எதுவுமே கேக்கல. போன கைல வெச்சுட்டு நீச்சல்குளத்து ஓரத்துல உக்காந்திருக்கா. மாப்ள பக்கத்துல நின்னுட்டே இருக்கான், உக்காரவும் தெரியல அவனுக்கு.

அதே நாள், ராத்திரி

அம்மாவ ஏர்போர்ட்ட விட்டு வெளிய கூட்டிட்டு வந்துடு, கோலாலம்பூர்லயே டயாலிசிஸ் பண்ணிடலாம்னு வாத்திகிட்ட சொல்லிட்டேன். போன டிசம்பர்லேர்ந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாம முப்பது நாள், அரைவல் கார்டு மட்டும் போன்லயே போட்டுக்கலாம், அது எவ்வளவு பெரிய உபகாரம்னு இன்னைக்குத்தான் தெரியுது. நான் இங்கேர்ந்து அங்க இருக்கிற ஒவ்வொரு சென்டரா போன் பண்ணேன். ஒரு இடத்துல எடுத்தவுடனே வைரஸ் ரிப்போர்ட் வேற ஃபார்ம்ல வேணும்னு வெச்சுட்டாங்க. இன்னொரு இடத்துல நான் இங்கிலீஷ்ல திணறிட்டே சொல்றத கேட்டுட்டு அந்த சிஸ்டர், "தமிழ்லயே சொல்லுங்க லா"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவங்களே டைப் பண்ணிக்கிட்டாங்க, எந்தக் கை, என்ன வெயிட், என்ன மாத்திரை. நாளைக்குக் காலைல ஏழு மணி. பொட்டாசியத்தைக் குறைக்கற பவுடர் கைல இருக்கான்னு கேட்டாங்க, இருக்கு, நான்தான் ஹேண்ட்பேக்ல வெக்கச் சொல்லிருந்தேன், பெட்டில போட்டிருந்தா போச்சு.

அந்த சிஸ்டர் நல்லா இருக்கணும்.

நவம்பர் 14, வியாழன்

முடிஞ்சது. நாலு மணி நேரம், மூணரை கிலோ. வாத்தி அனுப்பின போட்டோல அம்மா கண்ணு மூடி படுத்திருக்காங்க, அவங்க இடது கை மட்டும் போர்வைக்கு வெளிய.

மதியத்துக்கு மேல ஃப்ளைட் திரும்ப ஓட ஆரம்பிச்சுடுச்சு. காத்து திரும்பிடுச்சு. எல்லாரும் சத்தம் போட்டு ஆடினோம், பெரியவன் போன் கைல இருக்கும்போதே குளத்துல குதிச்சுட்டான்.

நவம்பர் 15, வெள்ளி

வந்துட்டாங்க!! சாயங்காலம் நாலரைக்கு லேண்டிங். பாப்பா ஓடிப்போய் கட்டிக்கல. நின்னு அம்மாவோட இடது கைய எடுத்து, மணிக்கட்டுக்கு மேல காத வெச்சு கேட்டா. ஃபிஸ்டுலா ஓடற சத்தம், உர்ருன்னு கேக்கும். சின்ன வயசுலேர்ந்து அவ அப்படித்தானாம். அப்புறம்தான் அழுதா, ரெண்டு பேரும்.

இப்ப ஒரு பிரச்சனை. வெள்ளி ஸ்லாட் போச்சு. அடுத்து சனிக்கிழமை காலைல ஆறு மணி இருக்கு, இல்லன்னா திங்கள். ஞாயிறு சென்டர் லீவு. சனி பண்ணினா சாயங்காலம் பிபி இறங்கி மேடைல உக்காரவே முடியாது. திங்கள் வரைக்கும் விட்டா வியாழன்லேர்ந்து நாலு நாள். டாக்டர் ஒரேயடியா நாலு நாள் கூடாதுங்கறான், சாப்பாடும் தண்ணியும் கல்யாண வீட்டுல எவ்வளவு கட்டுப்படுத்துவீங்கன்னு கேக்கறான். அம்மா, "என் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு நான் தலை சாஞ்சு உக்காரணுமா"ங்கறாங்க. அவங்க சொல்றதும் நியாயம். டாக்டர் சொல்றதும் நியாயம். வாய திறக்காம இருந்த மாப்ளதான் சொன்னான், கல்யாணத்த ஒரு மணி நேரம் தள்ளி வெப்போம், சன்செட் போனா போகட்டும், அம்மா மதியம் தூங்கி எழுந்து வரட்டும். ரிஜிஸ்ட்ரேஷன் ஊர்லயே முடிஞ்சதுதானே, இங்க எந்த ஆபீஸும் நேரம் பாக்கப் போறதில்ல. எனக்கு அவன இன்னைக்குத்தான் பிடிச்சுது.

பௌர்ணமி. பக்கத்து வீட்டு வாசல்ல சின்ன ஓலைத்தட்டுல பூ வெச்சு ஊதுபத்தி ஏத்திட்டுப் போனாங்க, ரோடு பூரா வாசனை.

நவம்பர் 16, சனி

காலைல அஞ்சு மணிக்கு சென்டருக்கு நாங்க மூணு பேர் போனோம், அம்மா, நான், பாப்பா. வேண்டாம்னு எல்லாரும் சொல்லியும் பாப்பா கேக்கல. மேக்கப் பொண்ணு பத்து மணிக்கு வந்தா காத்திருக்கட்டும்னுட்டா. ரெண்டு கிலோ மட்டும் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்திருந்தான், ரொம்ப இறங்கக் கூடாதுன்னு. மெஷின் ஓடிட்டிருக்கும்போது அம்மா அவளுக்கு நகம் வெட்டி விட்டாங்க, வலது கையால மட்டும், கோணலா.

மதியம் நல்லா தூங்கினாங்க. பிபி 118/70. ப்ளவுஸ்ல இடது கை லூஸா தெச்சது சரியா இருக்கு, வளையல் வலது கைல மட்டும்.

மணி 5.10. மேற்கால மேகம் கறுக்குது. மழைய நிறுத்தறவர்னு பிளானர் ஒருத்தரக் கூட்டிட்டு வந்திருக்கா, பவாங் ஹுஜான்னு சொல்றாங்க, ஓரமா ஊதுபத்தி ஏத்திட்டு உக்காந்திருக்கார். நானும் போய் கும்பிட்டுட்டு வந்தேன். படிக்கட்டுக்கு நாலு பேர் ரெடி, இடது பக்கம் நானே பிடிக்கறேன்னுட்டேன். வாத்தி கூப்பிடறான், வேன் வந்துடுச்சு