படிப்பு முடிந்த பிறகுதான் கவலை

படைவீரர்களுக்கு வேற்று மொழி கற்றுக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் இருக்கும்வரை அவர்களை யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அவர்களுடைய பணியே அதுதான். அமெரிக்க ராணுவத்தின் மான்டெரே மொழிப் பள்ளியில் ஸ்பானிய மொழிக்கு 36 வாரமும், அரபு, சீனம், கொரிய மொழிகளுக்கு 64 வாரமும் முழுநேரப் படிப்பு. இப்படி ஒரு மொழியோடேயே நாள் முழுக்கக் கிடந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது வந்துவிடும்.

படைப்பிரிவுக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல். அங்கே உடற்பயிற்சிக்கு நேரம் உண்டு, துப்பாக்கிப் பயிற்சிக்கு நேரம் உண்டு. மொழியை மட்டும் 'ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்' என்று விட்டுவிடுகிறார்கள். பணி முடிந்து களைத்து வருபவர், குழந்தையோடு இருக்க வேண்டிய நேரத்தில் பாடப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இது நியாயமே இல்லை.

மொழித் தேர்வில் நல்ல நிலை எடுத்தால் மாதாமாதம் ஊக்கத்தொகை கிடைக்கிறது. அது அவசியம், கட்டாயம் தர வேண்டும். ஆனால் பணத்துக்காக மட்டும் படிப்பவர்கள் தேர்வுக்கு முந்தைய மாதம்தான் புத்தகத்தைத் தேடுகிறார்கள். அதிலும் வழக்கமான தேர்வு கேட்பதையும் வாசிப்பதையும்தான் சோதிக்கிறது. பேச்சுக்குத் தனி நேர்காணல். அதனால் தேர்வில் தேறியவர்கூட நேரில் பேச வேண்டி வந்தால் திணறுகிறார். கைதியிடமோ கிராமத்துப் பெரியவரிடமோ பேச வேண்டிய ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய குறை!

முன்பு சொன்ன மான்டெரே பள்ளியே 1941 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய விமானக் கொட்டகையில், ஜப்பானிய மொழி வகுப்பாகத் தொடங்கியதுதான். அங்கே படித்தவர்கள் பசிபிக் போர்முனையில் கைப்பற்றிய ஆவணங்களை மொழிபெயர்த்தார்கள், கைதிகளை விசாரித்தார்கள். கற்ற மொழிக்கு உடனே வேலை இருந்தது.

போர் இல்லாத காலத்திலும் அந்த வேலையை உண்டாக்க முடியும். என் மாணவர் ஒருவருடைய தலைமை அதிகாரி, தினமும் காலையில் அவர் கற்ற மொழி பேசும் நாட்டின் வானொலிச் செய்தியைக் கேட்டு, முக்கியமானதைத் தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அதுவும் பணி நேரத்திலேயே. அவ்வளவுதான் ஏற்பாடு. சொன்னதைக் கேட்டுக் குறுக்குக் கேள்வியும் போடுவாராம். அடுத்த தேர்வில் அந்த மாணவரின் நிலை இறங்கவில்லை, ஏறியது.

அப்புறம் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படிப்பு முடித்துப் போகிறவர்களின் தலைமை அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். இவரால் இன்னின்ன செய்ய முடியும், வாரத்தில் இவ்வளவு நேரம் ஒதுக்குங்கள், கூட்டுப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் படையினர் வரும்போது இவரை அனுப்புங்கள் என்று அதில் எழுதுவேன். பலரிடமிருந்து பதிலே வராது. பதில் போடுகிறவர்கள் பெரும்பாலும், அடுத்த வகுப்பிலிருந்து இன்னொருவர் கிடைப்பாரா என்றும் கேட்கிறார்கள்.