சொல் முந்த வேண்டும்

நாய்ப் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாப்ரடாருக்கு ‘சிட்’ சொல்லிக் கொடுத்தேன். மூக்குக்கு நேராகத் தின்பண்டத்தைக் காட்டி, கையை மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோனால் முகம் நிமிரும், பின்பாகம் தானாகத் தரையைத் தொடும். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டது. ஆனால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடும். “உட்காருது சார், நிலைச்சு உட்கார மாட்டேங்குது” என்று வளர்ப்பவர் வருத்தப்பட்டார். சின்ன வயசுத் துள்ளல், போகப் போகச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த பயிற்சியாளர் பிறகு கூப்பிட்டார். “தம்பி, அது எழுந்திருக்கிறதுக்குத்தான் நீ கூலி கொடுத்துட்டு இருக்கே.”

அன்று இரவெல்லாம் அதையே யோசித்தேன். நாய் உட்காருகிறது. நான் இடுப்புப் பைக்குள் கையை விட்டு, ஒரு தின்பண்டத் துண்டைத் தேடி எடுத்து, குனிந்து நீட்டுகிறேன். அதற்குள் மூன்று நொடி போய்விடுகிறது, அதுவும் எழுந்துவிடுகிறது. துண்டு வாய்க்குப் போகும்போது அது நின்றுகொண்டிருக்கிறது. நான் கற்றுக்கொடுத்ததை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. அதன் மேல் பழி போட்டது இன்றும் உறுத்துகிறது.

மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லோவ் சோதனையைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அதில் முக்கியமானது வரிசை: ஓசை முதலில், உணவு பிறகு. என் கை பைக்குப் போன பிறகு வாய் ‘சபாஷ்’ என்றால், நாய் கையைத்தான் கவனிக்கும். சொல் வெறும் சத்தம். அதனால் மறுநாள் கட்டளையே இல்லாமல் தொடங்கினேன். கையை அசைக்காமல் ‘சபாஷ்’, பிறகு பட்டாணி அளவு ஒரு துண்டு. சொல்லைக் கேட்டதும் சட்டென்று தலை திரும்பும்வரை இதையே செய்தேன். அப்புறம் பின்பாகம் தரையைத் தொட்ட அதே கணத்தில் சபாஷ். அது உட்கார்ந்திருக்கும்போதே வாயருகே துண்டு. பிறகு சொல்லை ஒரு நொடி தள்ளினேன், அப்புறம் மூன்று நொடி. நிலைத்து உட்கார்ந்தது.

(துண்டு சிறிதாக இருப்பது வயிற்றுக்கும் நல்லது. நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது. சாக்லேட், திராட்சை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பு) கலந்தவை நாய்க்கு விஷம், பைக்குள்ளேயே வரக்கூடாது.)

பாராட்டிலும் தவறியிருக்கிறேன். தத்தெடுத்த ஒரு கலப்பின நாய் வந்தது. நான் உற்சாகமாகச் ‘சபாஷ்’ என்று குரல் கொடுத்ததும் வாலை ஒடுக்கி, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குப் பாராட்டு, அதற்கு அதட்டல். தலையைத் தடவப் போனால் பின்வாங்கியது. குரலைக் கிசுகிசுப்புக்கு இறக்கினேன். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்தேன். அதுவாகக் கிட்டே வந்தால் மட்டும் நெஞ்சை வருடினேன்.

அதற்குக் கை கொடுக்கப் பழக்கியது மெதுவான வேலை. மூடிய கைக்குள் துண்டு. அது மோந்தது, நக்கியது, விலகிப் போனது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவில்லை. நான்காம் நாள் வலது முன்னங்கால் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. தொடக்கூட இல்லை. மெல்லச் சபாஷ் சொல்லிக் கையைத் திறந்தேன். அடுத்த வாரம் பாதம் முழுசாக என் கையில் இருந்தது. பிறகு அந்தக் கையை வெறுமையாக நீட்டி, துண்டைப் பையிலிருந்து கொடுத்தேன். இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டால், தீனி கண்ணில் பட்டால்தான் கால் தூக்கும்.

ஒருநாள் மாலை பயிற்சி முடிந்து, பையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நான் கை நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. மணிக்கட்டில் ஒரு பாதம் வந்து அமர்ந்தது. மெல்லச் ‘சபாஷ்’ என்றேன். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து துண்டை எடுத்துவர வெகுநேரம் ஆனது. அது இருந்த இடத்திலேயே காத்திருந்தது.