50 சிசியும் 250 கிராமும்

சென்ற மாதம் கோயம்புத்தூரில் உள்ள அக்கா வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரே மாலையில் அவளுடைய இரு மகன்களும் தனித்தனியே என்னிடம் ஒரே விதமான கேள்வியைக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, அண்மையில் 16 வயதைத் தொட்ட இளையவன், அம்மாவின் ஸ்கூட்டியை டியூஷனுக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டான். கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சம்பாதிக்கும் மூத்தவன், புதிதாக வாங்கிய ட்ரோனுக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டான். "கியர் இல்லாத வண்டிதானே மாமா" என்பது இளையவனின் வாதம். "கையடக்க ட்ரோன்தானே மாமா" என்பது மூத்தவனின் வாதம். வாகனக் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விபத்துக் கோப்புகளைப் புரட்டியவன் என்பதால், இந்த வீட்டில் எனக்குப் பாதி வழக்கறிஞர் பட்டம் உண்டு. அன்றைக்கு வாய்மொழியாகச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஸ்கூட்டி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 18 வயது நிறையாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்று விதித்துவிட்டு, அதற்கு ஒரே ஒரு விலக்கு அளிக்கிறது: இயந்திரக் கொள்ளளவு 50 சிசியைத் தாண்டாத மோட்டார் சைக்கிளை 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம். இந்த விலக்கில் கியர் என்ற சொல்லே கிடையாது. கியர் வருவது வேறு இடத்தில். 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கியர் இல்லாத வண்டிக்கான பழகுநர் உரிமம் வழங்க வேண்டுமானால் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் பின்னதை மட்டும் செவிவழியாகக் கேட்டவர்கள், பதினாறு வயதில் கியர் இல்லாத எந்த வண்டியையும் ஓட்டலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் ஸ்கூட்டி 110 சிசி அளவிலான வண்டி. பெற்றோர் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் அது 50 சிசி ஆகிவிடாது.

அப்படியானால் 50 சிசி வண்டி எங்கே கிடைக்கிறது என்று அவன் கேட்டான். சரியான கேள்வி. சட்டம் எழுதப்பட்ட 1988இல் அந்த விலக்குக்குப் பொருள் இருந்தது. 1972இல் வந்த லூனாவும், 1980இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50உம் தெருவெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பால்காரரும் வாத்தியாரும் வயலுக்குப் போகிறவரும் வைத்திருந்த, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய, மேட்டில் திணறினால் பெடலையும் சேர்த்து மிதிக்க வேண்டிய அந்த மொபெட்டுகளை மனத்தில் வைத்துத்தான் 50 என்ற கோடு போடப்பட்டிருக்க வேண்டும். பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் ஒதுங்கின. அதே குடும்பத்து வண்டி 70 சிசியை நெருங்கி, இன்று எக்ஸ்எல் 100 என்ற பெயரில் 99.7 சிசியில் நிற்கிறது. கடைகளில் இப்போது 50 சிசி பெட்ரோல் வண்டி என்று ஒன்று விற்பனைக்கு இல்லை. வண்டி போய்விட்டது, கோடு மட்டும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பதினாறு வயதினருக்கென்று சட்டம் ஒதுக்கிய அறை வெறுமையாக இருக்க, அந்த அறையின் சாவியை வைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் எல்லாரும் நுழைகிறார்கள்.

இந்தப் பிழையின் விலை முன்பு சிறியதாக இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அப்படியில்லை. உரிமமின்றி ஓட்டுவதற்கு 5,000 ரூபாய், ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கு 5,000 ரூபாய் என்பதோடு, 199அ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சிறார் ஒருவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய காப்பாளரோ வாகன உரிமையாளரோ அதற்கு உடந்தை என்றே முதலில் கருதப்படுவார்; தனக்குத் தெரியாமல் நடந்தது என்பதையோ, தான் தடுக்க முயன்றதையோ அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. இதிலிருந்து தப்புகிற இன்னொரு வழி, அந்தச் சிறாரிடம் உரிமம் இருந்து, தனக்கு அனுமதிக்கப்பட்ட வகை வண்டியையே அவர் ஓட்டியிருப்பதுதான். 50 சிசி உரிமத்தோடு 110 சிசி வண்டியில் போனவருக்கு இந்தக் கதவும் அடைபடும்.

என் மேசைக்கு வந்த கோப்புகளில் நான் முதலில் தேடுவது விபத்தின் படத்தையோ மருத்துவமனைக் கணக்கையோ அல்ல. ஓட்டியவரின் உரிம நகலையும் அதில் எழுதியிருக்கும் வகையையும்தான். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, ஓட்டியவரிடம் உரிய உரிமம் இல்லை என்பதை மட்டுமே காட்டி, அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் தராமல் நிறுவனம் கை கழுவிவிட முடியாது. முதலில் கொடுத்துவிட்டு, உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினார் என்று நிறுவினால், அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். "கொடுத்து வசூல்" என்று எங்கள் பிரிவில் சுருக்கமாகச் சொல்வோம். இன்சூரன்ஸ் இருக்கிறது, கவலையில்லை என்று நினைத்திருந்த ஒரு தந்தைக்கு, சில ஆண்டுகள் கழித்து வசூல் வழக்கின் நோட்டீசு வரும்போது அவர் முகத்தில் தோன்றுவதை நான் பார்த்திருக்கிறேன், எழுத விருப்பமில்லை.

மின்சார வண்டிகளில் குழப்பம் வேறு விதம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் பெற்ற வண்டி, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமே அல்ல. அதற்குப் பதிவு எண் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கேட்கப்படுவதில்லை. கோயம்புத்தூரில் பள்ளி விடும் நேரத்தில் நம்பர் பிளேட் இல்லாமல் போகும் வண்டிகளில் பல இந்தக் கணக்கில் வருபவை. ஆனால் மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத் தடையை எடுத்துவிட்டால், அந்த நொடியே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று பையன் பெருமையாகச் சொன்னால், பெற்றோர் மகிழ வேண்டிய செய்தி அதுவன்று. பச்சை நிறத் தகட்டில் எண் எழுதியிருக்கும் மின்வண்டி எதுவாயினும் உரிமம் வேண்டும். ஐயமிருந்தால் தகட்டைப் பார்ப்பதே எளிய வழி.

பதினெட்டுக்குப் பிறகு நடைமுறை எளிது. எல்எல்ஆர் என்னும் பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத் தேர்வுக்குச் செல்லலாம். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அதுவரை முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் எழுத்து இருக்க வேண்டும், உரிமமுள்ள பயிற்றுநரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. பிறகு எட்டுப் போட்டுக் காட்டினால் முடிந்தது. இங்கே எனக்கு ஒரு நெடுநாள் மனக்குறை உண்டு. நம் சட்டம் இருசக்கர வாகனத்தைக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. கியர் வண்டி உரிமம் பெற்ற பதினெட்டு வயதுக்காரர், மறுநாள் 100 சிசி வண்டியையும் ஓட்டலாம், 1000 சிசி வண்டியையும் ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சிசி, 11 கிலோவாட் வரை ஒரு படி, 35 கிலோவாட் வரை அடுத்த படி, அதற்கு மேல் இன்னொரு படி என்று ஏற வேண்டும். நம்முடைய பிரிப்பு இடது கையும் இடது காலும் என்ன வேலை செய்கின்றன என்பதை அளக்கிறது. வண்டி எவ்வளவு வேகத்தில் போய் எதில் மோதும் என்பதை அளப்பதில்லை. மின் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கியரே கிடையாது என்பதால், சட்டத்தின் சொற்படி அவை எத்தனை வலுவுள்ளவையாயினும் ஸ்கூட்டியோடு ஒரே வரிசையில் நிற்கின்றன.

மூத்தவனின் ட்ரோனுக்கு வரும்போது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. 2021 ஆகஸ்டு 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் எடையை மட்டுமே கொண்டு ஐந்து வகைகளை வகுக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. மேலிருந்து விழுந்தால் எவ்வளவு நோகும் என்பதற்கு எடைதான் நேரடி அளவு. எடை என்பது சுமையோடு சேர்த்த மொத்த எடை. 249 கிராம் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் ட்ரோன், விசிறிக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டினாலோ பெரிய பேட்டரி போட்டாலோ மைக்ரோவாகிவிடும். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களில் 10 லிட்டர் தொட்டி பரவலாக இருப்பதும் இதே கணக்கினால்தான். நிரம்பிய தொட்டியோடும் 25 கிலோவுக்குள் நின்றால் அது சிறிய வகையிலேயே இருக்கும்.

நானோ ட்ரோனுக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கவிட்டால் தேவையில்லை. மூத்தவன் வாங்கியிருப்பது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவானது. பொள்ளாச்சித் தோப்பில் தன் மகிழ்ச்சிக்காகப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டாம். அதே ட்ரோனைக் கல்யாணத்தில் கூலி வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் வேண்டும். ட்ரோன் மாறவில்லை, உயரம் மாறவில்லை, சட்டைப் பையில் விழுந்த பணம் மட்டுமே வகையை மாற்றியிருக்கிறது. அவனுக்கு இது அநியாயமாகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோப்பில் தென்னைக்கு மேல் பறப்பதும், ஐந்நூறு பேர் நிற்கும் மண்டப வாசலில் மணமக்களின் தலைக்கு மேல் பறப்பதும் ஒன்றாகாது; கூலி வாங்குகிறவன் கூட்டத்துக்கு நடுவேதான் பெரும்பாலும் பறக்கவிடுகிறான்.

சான்றிதழ் பெற 18 முதல் 65 வயதுக்குள் இருந்து, பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேர்வானால், அந்த நிறுவனமே சான்றிதழ் வழங்கும். 2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் ட்ரோன் "லைசென்ஸ்" என்று ஒன்று இல்லை, சான்றிதழ்தான். ஊர் வழக்கில் லைசென்ஸ் என்றே இருக்கப் போகிறது. அது 10 ஆண்டுகள் செல்லும். ட்ரோனுக்கு அரசின் இணையத் தளத்தில் தனி அடையாள எண் பெறுவது வேறு வேலை. வண்டிக்கு ஆர்சி எப்படியோ அப்படி.

எங்கே பறக்கவிடலாம் என்பதில்தான் கோயம்புத்தூர்க்காரனுக்குச் சிக்கல். ட்ரோன்களுக்கான வான்வெளி வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவில் அது 200 அடியாகக் குறையும். 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் பகுதி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். அதற்கும் உள்ளே பெரும்பாலும் சிவப்பு, அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். விமான நிலையம் பீளமேட்டில், பெரிய மண்டபங்கள் அவினாசி சாலையில், சூலூரில் விமானப் படைத் தளம். அவனுடைய தொழில் நடக்கும் இடத்தின் பெரும்பகுதி இந்த வட்டங்களுக்குள் விழுகிறது. பெரிய தலைவர் வருகையின்போது காவல் துறை 96 மணி நேரம் வரை எந்த இடத்தையும் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம் என்பதும் உண்டு. நானோ என்பதால் இந்த வட்டங்கள் நகர்ந்துகொள்வதில்லை.

எல்லாவற்றையும் விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, அந்த விதிகளின் 44ஆம் விதி. ட்ரோனின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும், அதனால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் நேர்ந்தால் தரவேண்டிய இழப்பீட்டுக்கும், மோட்டார் வாகனச் சட்டமே உரிய மாற்றங்களுடன் பொருந்தும் என்று அது சொல்கிறது. நானோவுக்கு மட்டும் காப்பீட்டிலிருந்து விலக்கு. சக்கரமே இல்லாத, வானத்தில் போகிற பொருள் ஒன்று, கடைசியில் எங்கள் இழப்பீட்டுப் பிரிவின் பழைய மேசைக்கே வந்து இறங்குகிறது. கல்யாண மண்டபத்தில் ஒரு பெரியவர் தலையில் ட்ரோன் விழுந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப் போவது ஸ்கூட்டி வழக்கில் கேட்கும் அதே கேள்வியைத்தான்: ஓட்டியவரிடம் இந்த வகைக்கு உரிமம் இருந்ததா?

மூத்தவன் பயிற்சி நிறுவனங்களின் கட்டணத்தை விசாரித்து, அரசுக் கட்டணம் வெறும் 100 ரூபாய்தானே, பயிற்சிக்கு மட்டும் ஏன் பல்லாயிரம் என்று புலம்பிவிட்டு, ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முன் சேர்ந்துவிடுவதாக ஒப்புக்கொண்டான். இளையவனை அழைத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போனேன். மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில், என் அப்பா ஓட்டிய டிவிஎஸ் 50, கோணிச் சாக்கு போர்த்தி நின்றுகொண்டிருக்கிறது. பதிவு காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. புதுப்பித்து, தகுதிச் சோதனையில் தேறி, காப்பீடும் எடுத்தால், இந்த வீட்டிலேயே உன் வயதுக்குச் சட்டம் அனுமதிக்கும் பெட்ரோல் வண்டி இது ஒன்றுதான் என்றேன். சாக்கை விலக்கிப் பார்த்தான். பெடலை ஒருமுறை பின்னோக்கிச் சுற்றினான். "டியூஷனுக்குச் சைக்கிளிலேயே போய்க்கொள்கிறேன் மாமா" என்றான்.