ஹண்டிங்டன் நோய்: முகபாவப் பரிசோதனைக்குப் போகுமுன் சீட்டைப் படியுங்கள்

அண்ணனுக்கு ஹண்டிங்டன், பரம்பரையாக வரும் மூளை நோய். பரிசோதனைக்கு முதல் தடவை போனது முழுக்க வீண். நரம்பியல் டாக்டர் கொடுத்த சீட்டில் ‘ஞாபக சக்தி டெஸ்ட்’ என்று மட்டும் இருந்தது. உளவியல் பிரிவில் எம்.எம்.எஸ்.இ. என்ற, ஞாபகமும் கவனமும் பார்க்கும் 30 மதிப்பெண் டெஸ்ட் வைத்தார்கள்: இன்றைய தேதி, ஊர் பெயர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. அண்ணன் 28 வாங்கினார். ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் பிரச்சினை வேறு: அண்ணி கோபத்தில் முகம் சிவந்து நின்றாலும் அவருக்குத் தெரிவதே இல்லை. அந்த டெஸ்டில் ஒரு முகம்கூடக் கிடையாது.

இந்த நோய் முதலில் தாக்குவது மூளையின் ஆழத்தில் உள்ள காடேட், புட்டாமென் பகுதிகளை. கோபம், அருவருப்பு, பயம் ஆகியவற்றை எதிராளியின் முகத்தில் கண்டுபிடிப்பது அதனால் கெடுகிறது. சிரித்த முகம் பெரும்பாலும் தப்பிவிடும். கைகால் தானாக ஆடத் தொடங்கும் முன்பே சிலருக்கு இது ஆரம்பித்துவிடும். ஆகவே ‘முகபாவம் அறியும் பரிசோதனை’ என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஹண்டிங்டனுக்கென்றே உருவாக்கிய ஹெச்.டி.கேப் என்ற அறிவுத்திறன் டெஸ்ட் தொகுப்பிலும் அது இருக்கிறது.

அடுத்த தொல்லை கவுண்டரில். மரபணு ரிப்போர்ட்டின் ஒரிஜினல் இல்லாமல் ஃபைல் போட மாட்டோம், ஜெராக்ஸ் செல்லாது என்றார்கள். கெஞ்சியும் பலனில்லை. ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் லேபிலேயே திருப்பிக் கேளுங்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வந்த மரபணுவின் இரண்டு பிரதிகளுக்கும் சி.ஏ.ஜி. எண்ணிக்கை (சி.ஏ.ஜி. என்ற எழுத்துத் தொடர் எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பது) இருக்க வேண்டும். 40 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் உறுதி. 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம்.

டெஸ்ட் எளிதுதான். உளவியலாளர் எக்மனின் கறுப்பு வெள்ளை முகப் படங்கள் 60: பத்துப் பேர், ஆளுக்கு ஆறு முகபாவம், ஒவ்வொன்றும் 5 விநாடி. ஆனால் மதிப்பெண் தப்பாகக் குறைய நிறைய வழி உண்டு. கண்ணாடியை மறக்காதீர்கள். கைகால் ஆட்டத்தைக் குறைக்கத் தரும் டெட்ராபெனசின் மாத்திரை தூக்கக் கலக்கம் தரும், மனச்சோர்வையும் கூட்டும். மாத்திரை நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச்சு குழறுபவருக்குப் பதில் வாயில் வருவதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. ஆறு உணர்ச்சிகளையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, விரலால் தொட்டுக் காட்ட விடச் சொல்லிக் கேட்டோம். உளவியலாளர் உடனே ஒப்புக்கொண்டார். எங்களுக்கு அது பெரிய வெற்றி. பயத்தை ஆச்சரியம் என்று சொல்வது நோயில்லாதவர்களும் செய்வதுதான், அதற்குக் கலங்க வேண்டாம். முகங்களையே பிரித்தறிய முடியாத சிக்கல் இருக்கிறதா என்று பென்டன் டெஸ்டும் வைத்துப் பார்ப்பது நல்லது.

ரிசல்ட் வந்தபின் வீட்டில் மாற வேண்டியது நாம்தான். முறைத்துப் பார்த்துப் பயனில்லை. “எனக்குக் கோபமா இருக்கு, நீங்க மாத்திரை போடல” என்று வாயால் சொல்லுங்கள். நோயாளியின் முகமும் உணர்ச்சியை முன்போலக் காட்டாது. அன்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள், என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த நோய் வர ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு. அதற்காக அவர்களையும் இந்தப் படங்களின் முன் உட்காரவைத்துச் சோதிக்கச் சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். சம்மதிக்காதீர்கள். மதிப்பெண் குறைவதால் நோய் தரும் மரபணு இருக்கிறது என்றாகாது. அறிகுறி இல்லாத பிள்ளைக்கு மரபணு டெஸ்ட் 18 வயதுக்குப் பிறகு, ஆலோசனை பெற்று, அவர்களாகக் கேட்டால் மட்டும்.