பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

கோயில் என்றால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவோம். திருநெல்வேலி மாவட்டத்துச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்குச் செருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் புதுத் தோல் செருப்பு வாங்கி வந்து, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, அங்கேயே கட்டித் தொங்கவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் வந்து பார்த்தால் அடிப்பாகம் தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும், முள்கூடத் தைத்திருக்கும் என்பார்கள். ராத்திரியில் பட்டவராயன் அதை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் காவல் போய் வருகிறாராம்.

எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு ஜோடி என்று ஒரு வழக்கம். அத்தை தன் பங்கைச் செலுத்த இந்தத் தை மாதம் கிளம்பினார், துணைக்கு நான். ஆடி அமாவாசைக்குப் போயிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அத்தை சொன்ன பதில், "அன்னைக்கு அவருக்கு ஊர்க்கதை கேக்கவே நேரம் பத்தாது. நம்ம கதைய எப்பக் கேப்பாரு?"

பாபநாசம் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதற்கு மேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு என்று எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதால் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். அத்தையின் மஞ்சள் பையைத் திறந்த காவலர் உள்ளே இருந்த செருப்பைப் பார்த்தார். "பட்டவராயனுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை அப்படியே திருப்பிக் கொடுத்தார். எதற்கு, ஏன் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கதையைத் தெரிந்தவர்களுக்குள் பேச்சு எவ்வளவு சுருங்கிவிடுகிறது பாருங்கள்.

மலைப்பாதையில் காரையாறு போகும் வழியில், தாமிரபரணிக் கரையை ஒட்டியே கோயில். முதலில் ஆற்றில் முங்கி எழுந்தோம். தண்ணீர் குளிர்ச்சியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, விட்டுவிடுகிறேன். ஈரத் துணியை மாற்றிக்கொண்டு அய்யனாரைப் பார்க்கப் போனோம். தேவியர் பூரணை, புஷ்கலையோடு இருக்கிறார். ஐயப்பனின் ஆறு ஆதாரத் தலங்களில் இதுதான் முதலாவது என்று சொல்வதுண்டு, சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் பலர் இங்கே வந்துவிட்டுப் போகிறார்கள். அய்யனார் சன்னதியில் அத்தை கைகூப்பி நின்றார். ஆனால் பேசவில்லை. "பெரிய அதிகாரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமாட்டி? கும்பிட்டுக்கிட வேண்டியதுதான்" என்று பிறகு சொன்னார்.

பேச்செல்லாம் பரிவாரங்களிடம்தான். சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன், பேச்சியம்மன், பிரம்மராட்சசி, பட்டவராயன். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கதை. யாரோ கொல்லப்பட்டிருப்பார்கள், யாருக்கோ அநியாயம் நடந்திருக்கும், யாரோ காவலுக்கு வந்தவர் காவலிலேயே நின்றுபோயிருப்பார். இங்கே வருகிறவர்கள் எல்லாச் சாமிகளையும் கும்பிட்டாலும், ஒருவரிடம் மட்டும் கூடுதலாக நின்று முணுமுணுப்பார்கள். யார் எங்கே அதிக நேரம் நிற்கிறார்கள் என்று கவனித்தால் அவர்கள் வீட்டுச் சங்கதி பாதி புரிந்துவிடும்.

வளாகத்தில் ஓர் இலுப்பை மரம் இருக்கிறது. மணி விழுங்கி மரம் என்பார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் அதில் மணி கட்ட, காலப்போக்கில் மரப்பட்டை வளர்ந்து மணியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதி மூழ்கிய மணிகளைக் கண்ணால் பார்க்கலாம். முழுதாக உள்ளே போனவை எத்தனையோ, யார் கட்டியவையோ.

சரி, பட்டவராயன் கதைக்கு வருகிறேன். முத்துப்பட்டன் என்பது அவர் பெயர். அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன்மாரோடு மனத்தாங்கலாகி வீட்டை விட்டுக் கிளம்பி, மலைக்கு அந்தப் பக்கம் கொட்டாரக்கரை ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வெகுகாலம் கழித்து அண்ணன்மார் தேடிப்போய்ச் சமாதானம் பேசி அழைத்து வருகிறார்கள். வருகிற வழியில் காட்டுக்குள் இரண்டு பெண்கள் பாடுகிற சத்தம் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள். அந்த இடத்திலேயே பட்டனின் மனம் நின்றுவிடுகிறது.

பெண் கேட்டுப் போனால் வாலப்பகடை நம்பவில்லை. உயர்ந்த சாதிக்காரன் இன்றைக்கு ஆசைப்படுவான், நாளைக்கு விட்டுவிட்டுப் போவான், நான் என்ன செய்வேன் என்கிறார். உண்மையாகத்தான் கேட்கிறாய் என்றால் பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு, எங்களைப் போலத் தோல் வேலை பழகி, செருப்பு தைத்து எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்கிறார். அண்ணன்மார் பட்டனைக் கல்லால் கட்டிய அறைக்குள் அடைத்துவைக்கிறார்கள். பட்டன் தப்பி வெளியே வந்து, அறுக்க வேண்டியதை அறுத்து, தைக்க வேண்டியதைத் தைத்துக்கொண்டு வாலப்பகடை முன்னால் போய் நிற்கிறார். கல்யாணம் நடக்கிறது. ஆனால் வாழக் கொடுத்துவைக்கவில்லை. மாட்டுக் கிடையைக் கொள்ளையர் வளைத்துவிட்டார்கள் என்று நாய் ஓடிவந்து நிற்கிறது. பட்டன் போய்ச் சண்டையிட்டு மாடுகளை மீட்கிறார். ரத்தம் கழுவ ஓடையில் இறங்கும்போது ஒளிந்திருந்த ஒருவன் குத்திவிடுகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி ராஜாவிடம் அனுமதி கேட்டு அதே சிதையில் இறங்குகிறார்கள். இப்போது சன்னதியில் இருவரும் அவர் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அந்தச் சிங்கம்பட்டி ஜமீன்தான் இந்தக் கோயிலின் பரம்பரை அறங்காவலர். ஆடி அமாவாசை அன்று ராஜா முழு உடுப்போடு வந்து அமர்ந்து காட்சி கொடுப்பது வழக்கமாக இருந்தது. கடைசியாகப் பட்டம் சூட்டிக்கொண்டவர் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-ல் காலமானார். சின்ன வயதில் ஒரு தடவை அவரைக் கூட்டத்தில் எட்டிப் பார்த்தபோது, கதையில் அனுமதி கொடுத்த ராஜா இவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதைக்கும் இப்போதைக்கும் நடுவே எத்தனை தலைமுறை இருக்கிறது என்று அந்த வயதில் யார் கணக்குப் பார்த்தது?

இந்தக் கதையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கோயில் கொடைத் திருவிழா ராத்திரிகளில் வில்லுப்பாட்டில் கேட்டது. பெரிய வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து, மணிகள் குலுங்க வீசுகோலால் நாணைத் தட்டிக்கொண்டு புலவர் பாட, பக்கத்தில் குடமும் உடுக்கையும் ஜால்ராவும் சேரும். நாங்கள் சிறுவர்கள் பந்தலிலேயே படுத்துத் தூங்கிவிடுவோம். கதை எங்கே இருக்கிறது என்று தூக்கத்திலேயே தெரியும். பொம்மக்கா, திம்மக்கா பாட்டு வரும்போது ஆச்சிமார் சிரிக்கிற சத்தம். கல் அறையில் அடைக்கும்போது உச்சுக்கொட்டல். ஓடைக்கரை வரும்போது பாட்டின் வேகம் மாறும், குடத்துச் சத்தம் கனக்கும், எழுப்பாமலே விழித்துக்கொள்வோம். அந்த நேரத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். செத்த இடத்தைப் பாடும்போதுதான் சாமி எழுந்து வருகிறது. பிறந்ததைப் பாடும்போதோ ஜெயித்ததைப் பாடும்போதோ அல்ல. முடிவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் யாராவது ஒருத்தர் வாய்விட்டு அழுவார். அவர் அழுவது பட்டனுக்காக மட்டும் இருக்காது.

இந்தக் கதைக்கு இன்னொரு பாடமும், அதாவது வேறு வடிவமும், உண்டு. அந்த இரண்டு பெண்களும் உண்மையில் அந்தணர் வீட்டுப் பிள்ளைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சிலர் பாடுவார்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, அது பிற்பாடு சேர்த்தது என்று எடுத்துக்காட்டினார். எனக்கு அந்தப் பாடத்தின் மேல் கோபமே உண்டு. பெண்கள் அதே சாதி என்றால் பட்டன் அறுத்த பூணூலுக்கும் தைத்த செருப்புக்கும் என்ன மதிப்பு? சன்னதிக்கு முன்னால் இத்தனை செருப்பு எதற்குத் தொங்குகிறது? இதை அத்தையிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவர் அசரவில்லை. "அப்படிச் சொன்னாத்தான் சில ஊர்ல பாட விடுவாவ. புலவருக்கும் வயிறு இருக்கில்லா. ஆனா ஒண்ணு பாத்தியா, எந்த ஊர்ல பாடினாலும் செருப்ப மட்டும் எடுக்க முடியல." இந்தப் பதிலுக்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டுச் செருப்புக்கு வருகிறேன். அத்தையின் ஆச்சி, அதாவது எனக்குப் பூட்டி. பூட்டியின் மூத்த மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, மீசை சரியாக முளைக்காத வயதில், தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டான். கடிதம் இல்லை, தகவல் இல்லை. பூட்டி மலையேறி வந்து பட்டவராயன் முன்னால் நின்று சொன்னதாக எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்வது இது: "எம் பிள்ளைய நடந்து வீட்டுக்கு வர வை. நீ நடக்க நான் செருப்பு போடுதேன்."

சின்ன வயதில் கேட்டபோது இதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை சன்னதி முன்னால் நிற்கும்போதுதான் கேட்கத் தோன்றியது. அய்யனார் இருக்க, பேச்சியம்மன் இருக்க, பூட்டி ஏன் பட்டவராயனிடம் போனாள்? அவரே கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். மலை தாண்டி வேறு தேசத்தில் போய் வேலை பார்த்தவர். தேடிப்போனால் திரும்பி வரச் சம்மதித்தவர். ஆனால் வீடு வரைக்கும் வந்து சேராதவர். பூட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தனை சாமிகளில் தன் கதையைக் கொண்டுபோய் நிறுத்தச் சரியான இடம் எது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த படிப்பு அது.

சன்னதியில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் பேத்தியைத் தூக்கிவைத்துக்கொண்டு இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு நாய் மட்டும்தான் வேண்டும். நாய் எப்படி ஓடிவந்தது, நாய் என்ன சொல்லிச்சு, நாய்க்கு என்ன ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டது. பெரியவர் நாயையே கதாநாயகனாக்கிவிட்டார். காடு, கொள்ளையர், ஓடை எல்லாம் பின்னால் போய், நாய் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் சில வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு இது பெண் கேட்டுப் போன கதையாகும். அப்புறம் கல் அறையில் அடைத்த அண்ணன்மார் கதை. அதற்கும் அப்புறம் என்னவோ.

அத்தை செருப்பை வைத்தார், பூ வைத்தார், வெகுநேரம் வாய்க்குள் பேசினார். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், சில வருஷமாக ஊருக்கு வரவில்லை. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், காட்டுக்குள் தங்க விடமாட்டார்கள். திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரம்மா, "நீங்க எதுக்கு நேந்துக்கிட்டீங்க?" என்று ஆரம்பித்தார். இந்தக் கோயிலுக்கு வந்தவர்கள் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வியே அதுதான், பெயரும் ஊரும் பிறகுதான். அத்தை பூட்டி கதையைச் சொன்னார். மகன் ஒரு விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் தகரப் பெட்டி. கால் முழுக்கக் கொப்புளம். தூத்துக்குடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். ஏனென்றால் அம்மா நடந்து வரத்தானே கேட்டாள்.

பக்கத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அத்தையைப் பார்த்தேன். தகரப் பெட்டி எனக்குத் தெரியும். கொப்புளமும் தூத்துக்குடி நடையும் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவுக்குத் திருநீறு கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். அவர் திருநீறை நெற்றியில் பூசிக்கொண்டே, "அவரு எங்கட்டி வந்தாரு? மணியார்டர்தான் வந்துச்சு. கூப்பன்ல ரெண்டு வரி, நல்லா இருக்கேன்னு. அந்த ரூவாயிலதான் ஆச்சி முதல் ஜோடிச் செருப்பே வாங்குனா" என்றார். இதையும் நான் இதற்கு முன்னால் கேட்டதில்லை.

அடுப்பங்கரையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அண்ணே, அவரு வந்தப்ப நீங்க பொறக்கவே இல்ல."

"நீ மட்டும் பொறந்திருந்தியாக்கும்?"

"எங்கிட்ட ஆச்சி சொன்னா."

"எங்கிட்டயும் ஆச்சிதான் சொன்னா."