சுவரொட்டி சாப்பிட்டீங்களா?

மோஷன் டெஸ்டுக்கு டப்பாவைக் கையில் கொடுத்ததும் பாதிப் பேர் கேட்பது, "எவ்வளவு வேணும்?" சுண்டைக்காய் அளவு போதும் என்பேன். மறுநாள் கழுத்துவரை நிரம்பி வரும். நான் லேபில் சேர்ந்த புதிதில் தீப்பெட்டியில் கொண்டுவருவார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

இரண்டு மாசத்துக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டிய கொத்தனார். ஹீமோகுளோபின் 7.4. சீட்டில் 'ஸ்டூல் அக்கல்ட் பிளட்' என்று எழுதியிருந்தது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். "ரத்தமெல்லாம் போகலம்மா, நான் பாக்குறேன்ல. கறுப்பாத்தான் போகுது, அது சத்து மாத்திரை" என்றார். இரும்புச் சத்து மாத்திரை போட்டால் கறுப்பாகும் என்பது சரிதான். ஆனால் வயிற்றில் கசிகிற ரத்தம் செரித்து வந்தாலும் அதே கறுப்புதான். கொஞ்சமாகக் கசிந்தால் நிறமே மாறாது. கண்ணை நம்பிப் பயனில்லை.

எங்களிடம் இருப்பது அட்டை முறை. உள்ளே குவாயக் என்ற மரத்தின் பிசின் ஏற்றிய தாள். ரத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலந்திருக்காது என்பதால் டப்பாவில் இரண்டு இடத்தில் குச்சியால் தொட்டு, இரண்டு கட்டத்தில் மெல்லிசாகத் தேய்ப்பேன். சில நிமிஷம் விட்டு, அட்டையின் பின்பக்கத்தைத் திறந்து இரண்டு சொட்டு மருந்து. அது ஹைட்ரஜன் பெராக்சைடு. ரத்தத்தில் உள்ள ஹீம், அதாவது ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கும் பகுதி, இருந்தால் தாள் நீலமாகும். ஒரு நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டும், அப்புறம் மங்கிவிடும்.

அவருடையது சொட்டு நீலம் போட்டதுபோல் பளிச்சென்று வந்தது. பாசிட்டிவ் என்று எழுதி முடித்தேன். ரிப்போர்ட் வாங்க அவர் மனைவி வந்தார். "ரத்தம் ஊறணும்னு வாரம் ரெண்டு தடவை சுவரொட்டி, ஞாயித்துக்கிழமை ரத்தப் பொரியல்னு பாத்துப் பாத்துக் கொடுக்குறேன். இன்னும் ஏறலையே தாயி?"

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். எனக்குச் சுருக்கென்றது. டப்பா கொடுக்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். இந்தத் தாளுக்கு ஆட்டு ரத்தம் எது, மனுஷ ரத்தம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பச்சை முள்ளங்கிகூட அதை ஏமாற்றும். வைட்டமின் சி மாத்திரை தலைகீழ், ரத்தம் இருந்தாலும் நீலத்தை வரவிடாது. ரத்தம் குறைந்தவருக்கு நம் வீடுகளில் முதலில் செய்து கொடுப்பதே இந்த டெஸ்டைக் கெடுக்கும் பொரியலைத்தான்!

டாக்டரிடம் போனில் சொன்னேன், திரும்ப எடுக்கச் சொன்னார். மூன்று நாள் கறி கிடையாது, அப்புறம் தொடர்ந்து மூன்று நாள் சாம்பிள். என்னென்ன மாத்திரை என்று இந்தத் தடவை விவரமாகக் கேட்டேன். முட்டி வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போடுகிற மாத்திரை ஒன்று வெளியே வந்தது. "அது வெறும் வலி மாத்திரைதானம்மா." அந்த மாதிரி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கலாம் என்பதால் அதையும் சீட்டில் எழுதினேன்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒரு கட்டத்தில் மட்டும் ஓரமாக வெளிர் நீலம். மூன்றாம் நாள் இரண்டிலும். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது.

இப்போது மலத்தில் ரத்தம் தேட ஃபிட் (FIT) என்று இன்னொரு டெஸ்ட் வந்திருக்கிறது. மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினை மட்டும் பிடிக்கும், பத்தியம் வேண்டாம். பெருங்குடல் புற்றுநோயைத் தேட அதுதான் நல்லது. ஆனால் இரைப்பையில் கசியும் ரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் செரித்துப் போய்விடும். இவர் விஷயத்தில் அது கையை விரித்திருக்கலாம். அதனால் என் பழைய அட்டையை நான் அவ்வளவாகத் திட்டுவதில்லை.

போன வாரம் ரெண்டு பேரும் வந்தார்கள். ஹீமோகுளோபின் 9.8. போகும்போது அந்தம்மா திரும்பி, "மறுபடி அந்த டெஸ்ட் இருந்தா முன்னாடியே சொல்லிரு தாயி. ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான், கறிக்கடையில சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.